கலாட்டா அண்ணன் தலையாட்டினார்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ‘கலாட்டா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பசை ஒட்டும் மேஜையில் உட்கார்ந்துகொண்டு மேலாளரைக்கூடக் கிண்டலடிப்பார்.

காது கேட்காமல் போனது அவர் மனைவிக்கும், அதே மேஜையில் வேலை பார்த்த மனைவியின் தம்பிக்கும் மட்டும் தெரியும். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் பேசுகிறவர்களின் வாயையே பார்ப்பார். புரியாவிட்டால் ஒரு கேலியை எடுத்துவிடுவார். எதிராளி சிரித்துவிட்டுப் போய்விடுவான். காது மிஷின் பேச்சை எடுத்தாலே மனைவியிடம் எரிந்து விழுவார்.

புதிதாக ஒரு தொழிலாளர் நல அதிகாரி வந்தாள். வயதானவர்கள் முகத்தில் உற்சாகமே இல்லையாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் விளையாட்டு, ஐம்பது தாண்டியவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு போட்டாள். கட்டாயப்படுத்திச் சிரிக்கச் சொல்கிறவர்களை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

நாற்காலி விளையாட்டு. பாட்டு நின்றதும் உட்கார வேண்டும். கலாட்டா அவள் கையிலிருந்த செல்போனையே பார்த்துக்கொண்டு சுற்றினார். அவள் விரல் அசைந்ததும் பொத்தென்று உட்கார்ந்தார். மூன்றாவது சுற்றில் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். பாட்டு நின்றது. எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, இவர் மட்டும் இடுப்பை ஆட்டியபடி சுற்றிக்கொண்டே இருந்தார். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும்தான் பாட்டு நின்றது அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் நிற்காமல் இன்னும் ரெண்டு ஆட்டம் போட்டார்.

அதிகாரிக்கு ஒரே குஷி. மைக்கைப் பிடித்தாள். அது அவள் வாயை மறைத்தது.

“நம்ம கலாட்டா அண்ணன் இனிமே ஒரு மூலையில உக்காந்து பசை ஒட்ட வேண்டாம். திங்கக்கிழமைலருந்து லாரி யார்டுக்கு வரட்டும். எல்லாரையும் சிரிக்க வைக்கட்டும். என்னண்ணே, சம்மதமா?”

எல்லோரும் கைதட்டினார்கள். கலாட்டா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மைத்துனன் அவரைக் கழிப்பறைப் பக்கம் இழுத்துப் போனான்.

“எதுக்கு மாமா தலையாட்டுனீங்க? உங்கள யார்டுக்கு மாத்திட்டாங்க! பின்னாடி லாரி வந்தா என்ன பண்ணுவீங்க?”

அவர் முகம் வெளுத்தது. “நீ வாயைத் தொறந்தா அப்புறம் என் வீட்டு வாசப்படி மிதிக்காத. சொல்லிட்டேன்.”

அவனும் வாயை மூடிக்கொண்டான். எனக்கு இன்றைக்கும் அவன்மேல்தான் ஆத்திரம்.

திங்கட்கிழமை காலையில் ஒரு லாரி பின்னோக்கி வந்தது. கலாட்டா அதற்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் நகரவில்லை. மறுபடியும் நீளமாக அடித்தான்.

“அண்ணன் காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரு, நகர மாட்டாராம்!” என்று டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். சுமை ஏற்றுகிறவர்களும் சிரித்தார்கள். “நானும் விடுறதா இல்ல” என்று அவன் வண்டியை இன்னும் கொஞ்சம் பின்னால் விட்டான்.

மைத்துனன் பசைக் கையோடு ஓடிவந்தான்.

“விளையாட்டு இல்லடா! அவருக்குக் காது கேக்காது! நிறுத்துடா!”

சுமை ஏற்றுகிறவர்களின் சிரிப்பு சட்டென்று நின்றது. லாரி இன்னும் நிற்கவில்லை.