முப்பத்தெட்டுப் படியும் ஒரு முன்னெச்சரிக்கைக் கடிதமும்

வெள்ளவத்தையில் நான் கட்டிய வீட்டின் ஒப்பந்தம் ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் என் ஹார்ட்வெயார் கடையில், ஆணி நிறுக்கிற தராசில் வைத்தே நிறுத்துப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் ஒரு புத்தகத்தை வேறு எப்படி மதிப்பிடுவது?

ஆனாலும் அதை எழுதிய படித்தவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அது இல்லாமல் கட்டடம் கட்டினால் என்ன நடக்கும் என்பது. நான் அப்படி மூன்று கட்டியவன். சீமெந்து மூட்டை சுமக்கிறவனாகக் கொழும்புக்குள் நுழைந்து, அந்தச் சீமெந்தையே விற்கிற முதலாளியாகி, ஒரு கடை, கடைக்கு மேலே வீடு, கொலன்னாவையில் வாடகைக்கு விட இன்னொரு வீடு என்று மூன்றையும் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் எழுப்பினேன். இதைச் சொல்லும்போது முன்பெல்லாம் நெஞ்சை நிமிர்த்துவேன். இப்போதும் நிமிர்த்துவேன். கட்டடங்கள் நிற்கின்றன அல்லவா?

அந்தக் காலத்துக் கொந்தராத்து இப்படித்தான். தட்டில் வெற்றிலை வைத்துப் பாஸிடம் நீட்டுவோம். பாஸ் என்றால் மேசன்மாருக்குத் தலைவர். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஹரி முதலாளி" என்பார். 'சரி முதலாளி' என்று அர்த்தம். ஒப்பந்தம் முடிந்தது. அறையைக் கொஞ்சம் பெருப்பிக்கலாமா? ஹரி முதலாளி. மழைக்கு முன்னம் கூரை ஏறுமா? ஹரி முதலாளி. சிங்களத்தில் இவ்வளவு இனிமையான சொல் இன்னொன்றை நான் கேட்டதில்லை. இவ்வளவு ஆபத்தான சொல்லையும் கேட்டதில்லை.

கொலன்னாவை வேலை பாதியில் நிற்கும்போது ஒருநாள் வாசலில் நின்றபடியே, மாடிப்படியை மற்றப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். ஹரி முதலாளி. படி திரும்பியது. அதற்கு மேலே போகிற பீம் திரும்பவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் பாதிப் படியில் தலையைக் குனிந்துதான் ஏறுகிறார்கள். வீட்டுக்காரனுக்கு இவ்வளவு மரியாதை காட்டும் வாடகைக்காரர் கொழும்பில் வேறெங்கும் கிடையாது. பாஸைப் பிடித்துக் கேட்டேன். "முதலாளிதானே சொன்னது" என்றார். நியாயம்தான். சொன்னவன் நான், தலையாட்டியவர் அவர், முட்டிக்கொள்கிறவன் மூன்றாம் ஆள்.

இப்படிப்பட்ட கீர்த்திமான் நாலாவது கட்டடத்துக்கு ஏன் ஒரு கிலோ கடதாசியில் கையெழுத்து வைத்தான்? என் மனைவியின் முழங்கால்தான் காரணம்.

கடைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டுக்கு முப்பத்தெட்டுப் படி. குறுகல், செங்குத்து. கட்டியவன் நான்தான். இரண்டு முழங்காலும் தேய்ந்து, ஒரு தைப்பொங்கலுக்குப் பிறகு அவள் தெருவில் கால் வைக்கவில்லை. கோயில் மணி கேட்டால் சன்னலில் நின்று கும்பிடுவாள். ஆட்டோக்காரர்கள் சண்டை பிடித்தால் சன்னலில் நின்றே தீர்ப்புச் சொல்லுவாள். டாக்டர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: மெல்ல மெல்ல இறங்கலாம், திரும்ப ஏறுகிற கதை வேண்டாம். ஆகவே அவளால் ஒரே ஒரு தடவைதான் இறங்க முடியும். இறங்குகிற அன்றைக்கு வெள்ளவத்தையில் தரைத்தளத்து வீடு அவளுக்குத் தயாராக இருக்க வேண்டும். வரைபடம், அனுமதி என்று அடுத்த பொங்கலும் போயிற்று.

"வாற பொங்கலுக்கும் என்னை இந்தச் சன்னலில நிக்க வைச்சிடாதேங்கோ" என்றாள். அவள் அழுகிறவள் அல்ல. அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

என் தம்பியின் மகள் கட்டட வேலைகளை அளந்து மதிப்பிடும் படிப்புப் படித்தவள். அவர்கள் பாஷையில் கியூ.எஸ். அவள்தான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கடை மேசையில் போட்டாள்.

"பெரியப்பா, இது எல்லாக் கட்டட வேலைக்கும் பொதுவா எழுதி, புதுசா வந்திருக்கிற நியம ஒப்பந்தம். இதில ஒப்பம் வையுங்கோ. இல்லாட்டி ஒண்டுக்கும் என்னைக் கூப்பிடாதேங்கோ."

"எல்லாருக்கும் ஒரே அளவில தைச்ச சட்டையோ?"

"ஓம். இவ்வளவு காலமும் உங்கட சட்டையைத் தையல்காரன்தானே போட்டுக்கொண்டு திரிஞ்சவன்!"

வாய் எங்கள் பக்கத்து வாய்.

அவள் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பழைய நியம ஒப்பந்தங்கள் சண்டை முடிந்த பிறகு யார் குற்றவாளி என்று தேடுவதற்காக எழுதப்பட்டவை. பிரேதப் பரிசோதனை மாதிரி. புதியவை ஆள் உயிரோடு இருக்கும்போதே நாடி பிடிக்கின்றன. வேலை பிந்தும், பிழைக்கும் என்று யாருக்காவது மணம் பிடித்தால், அவர் கட்டுகிறவராக இருந்தாலும் நானாக இருந்தாலும், உடனே மற்றவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் முன்னெச்சரிக்கை. கடிதம் போனதும் எல்லோரும் கூடிப் பேச வேண்டும். வீட்டுக்காரன் எதையாவது மாற்றக் கேட்டால் எத்தனை நாள் கூடும் என்று முதலில் எழுதிக் கொடுத்து, அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் உளி எடுக்க வேண்டும். கேள்விக்குக் குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. வரைபடம் கீறுகிற ஆர்க்கிடெக்ட்மார் ஒரு கேள்வியைக் கோழி முட்டையை அடைகாப்பது போல மாதக்கணக்கில் அடைகாப்பார்கள். எங்கள் ஆர்க்கிடெக்ட், தவணை முடிய ஒருநாள் இருக்கையில், சட்டை நனைய ஓடிவந்து பதில் கொடுத்ததை என் இரு கண்ணாலும் கண்டேன். அந்தக் காட்சிக்காகவே இன்னொரு கிலோவில் கையெழுத்து வைக்கலாம்.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். விதி எனக்கும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது.

ஆவணியில் நிலை வைக்கிற நாள் வந்தது. தலைவாசலின் மரச்சட்டத்துக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, நல்ல நேரத்தில் அதை நிறுத்துவது எங்கள் வழக்கம். கூட வந்தவர் என் மனைவியின் அண்ணர். ஓய்வூதியம் எடுத்த பிறகு வாஸ்து படித்தவர். கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, அதை ஏந்தியபடி மூன்று தரம் சுற்றி வந்து நின்றார்.

"மச்சான், வாசல் பிழையான இடத்தில நிக்குது. நாலடி கிழக்க தள்ளும். இல்லாட்டி வீட்டுக்காரிக்குத்தான் கூடாது."

வீட்டுக்காரி என்றால் என் மனைவி. முழங்கால் போதாதென்று திசையும் சேர்ந்து அவளை வருத்த வேண்டுமா? நல்ல நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. தெமட்டகொடைப் பாஸ் ஒருவர் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன்.

"பாஸ், நிலையை நாலடி அங்கால வையுங்கோ."

"ஹரி முதலாளி."

எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன்! காதில் தேன் பாய்ந்தது. அதற்குள் ஒப்பந்தகாரர் வந்துவிட்டார். பதுளைப் பக்கத்து இளம் இஞ்சினியர், அமைதியான ஆள். அமைதியான ஆட்களோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. வாயால சொன்னதை வச்சு நான் மாத்த முடியாதுங்க."

"என்ர காணி. என்ர கதவு."

"கதவு உங்களோடதுதாங்க. ஆனா நீங்க சொல்ற எடத்துல மேல்மாடியைத் தாங்குற தூண் நிக்குது."

"அப்ப தூணையும் தள்ளுங்கோ!"

பாஸ் ஹரி சொல்ல வாயைத் திறந்தார். இஞ்சினியர் ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாயால் பாஸ் கொட்டாவி விட்டுச் சமாளித்தார். நல்ல நேரம் போய்விட்டது. மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். நிலை, மாப்பிள்ளை வராத பொம்பிளை போல, மஞ்சளும் குங்குமமுமாகச் சுவரில் சாய்ந்து நின்றது.

பின்னேரம் கடைக்குக் கடிதம் வந்தது. முன்னெச்சரிக்கை. தம்பியின் மகள் அதைத் தமிழில் வாசித்தாள். தூணை நகர்த்த வேண்டுமானால் வரைபடம் மாற வேண்டும், மாநகர சபையில் மறுபடி அனுமதி எடுக்க வேண்டும், புதிதாக அத்திவாரம் தோண்ட வேண்டும். எல்லாமாக ஏழு கிழமை, அதாவது நாற்பத்தொன்பது நாள், கூடும். நாளைக்கே கூடிப் பேசலாம். இரு தரப்பும் சம்மதித்தால் வேறு யாரையும் கூட்டத்துக்கு அழைக்கலாம்.

"எனக்கே எச்சரிக்கையோ? அவன் என்ன பொலிசோ?" என்று குதித்தேன்.

"பெரியப்பா, இப்பிடி ஒரு கடிதம் கொலன்னாவையில வந்திருந்தா எத்தனை தலை தப்பியிருக்கும்?"

குதித்தவன் கதிரையில் இருந்தேன். ஏழு கிழமை என்றால் பொங்கல் தாண்டும். ஒவ்வொரு வேலையிலும் இந்த ஏழு கிழமை இருந்திருக்கிறது. பாஸ்மார் அதை என்னிடம் சொன்னதில்லை. அது போன பிறகுதான் நான் அதைச் சந்தித்திருக்கிறேன்.

"ஆரையும் கூப்பிடலாம் எண்டு கிடக்கு. பெரியம்மாவைக் கூப்பிடுங்கோவன். அவவின்ர வீடுதானே?"

"அவள் எப்பிடி இறங்கிறது?"

"அவ ஏன் இறங்கவேணும்? கூட்டம் ஏறட்டும்."

ஏறியது. முன்னால் நான், பிறகு இஞ்சினியர், ஆர்க்கிடெக்ட், தம்பியின் மகள். கடைசியில் மச்சான். இருபதாவது படியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு திசை தெரியாமல் நின்றார். என் மனைவி சன்னலோரக் கதிரையில் நீதவான் மாதிரி இருந்தாள். கட்டிலில் வரைபடத்தை விரித்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை.

"தம்பி, வாசலைத் தள்ளாட்டி எப்ப முடியும்?"

"கார்த்திகைக்குள்ள கையில தந்துருவேன் அம்மா."

"தள்ளினா?"

"பொங்கல் தாண்டிரும் அம்மா."

மச்சான் ஒருவாறு ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி, "தங்கச்சி, உனக்காகத்தான் சொன்னனான். வாசல் பிழையெண்டா வீட்டுக்காரிக்குக் கூடாது" என்றார்.

"அண்ணை, ஒண்டரை வருசமா எனக்கு வாசலே இல்லை. அது எந்தத் திசையில இருந்தா என்ன?"

மச்சான் கட்டில் சட்டத்தில் சாய்ந்து நெஞ்சைத் தடவினார்.

"ஒருக்கா ஏறினதுக்கே உங்களுக்கு இப்பிடி இளைக்குது. ஏழு கிழமை வந்து என்னோட இஞ்ச இருங்கோ. அதுக்குப் பிறகும் தள்ளவேணும் எண்டு சொன்னா, தள்ளுவம்."

மச்சான் கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முடிவைச் சொல்ல வேண்டியவன் நான்தானாம், புத்தகத்தில் அப்படி இருக்கிறது.

"தள்ள வேண்டாம்" என்றேன்.

"எழுத்தில, பெரியப்பா."

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினேன்: வாசல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே கட்டுரை அதுதான். இஞ்சினியர் அதைக் கண்ணாடி உறையில் வைத்துக் கோப்பில் போட்டுக்கொண்டார். அடுத்த நல்ல நேரத்தில் நிலை தன் இடத்தில் ஏறியது.

கார்த்திகையில் சொன்ன நாளுக்கு நாலு நாள் முந்தியே வேலை முடிந்தது. அவள் ஒருவரையும் பிடிக்க விடாமல், ஒவ்வொரு படியாக, கைபிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். அரை மணித்தியாலம் எடுத்தது. கடைசிப் படியில் நின்று மேலே திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். "ஆட்டோ எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

புது வீட்டுக்குப் போன பிறகும் புத்தகம் விடவில்லை. ஒரு வருடத்துக்குள் எந்தக் குறை தெரிந்தாலும் ஒப்பந்தகாரர் வந்து திருத்த வேண்டுமாம். என் மனைவி தரையில் பதித்த ஒவ்வொரு மாபிளையும் கைத்தடியால் தட்டிப் பார்த்துக் குறை எழுதினாள். குளியலறையில் தண்ணீர் தேங்கியது என்று எழுதினாள். வந்தார்கள், உடைத்தார்கள், சரிவு பார்த்துத் திரும்பப் பதித்தார்கள், "வேற ஏதாச்சும் இருக்குதாங்க அம்மா?" என்று கேட்டார்கள். கொலன்னாவை வீட்டுப் பாஸ் கூரை ஒழுகிய அன்றே தொலைபேசி இலக்கத்தை மாற்றியவர்.

எங்கள் ஒழுங்கையில் இன்னும் சில பெரிய மனிதர்கள் வெற்றிலைத் தட்டோடு வீடு கட்டுகிறார்கள். "அந்தப் புத்தகம் படிச்சவைக்கு" என்கிறார்கள். படிக்காதவனுக்குத்தான் அது வேண்டும். படித்தவன் ஏமாந்தால் அதற்கு அழகாகக் காரணம் சொல்லுவான்.

போன கிழமை மத்தியானம் கொட்டாஞ்சேனையிலிருந்து சாப்பிட வந்தேன். கதவு பூட்டிக் கிடந்தது. தொலைபேசி எடுத்தேன், உள்ளே மணி அடித்தது. பூட்டைத் திறக்க என்னிடம் திறப்பு இல்லை. ஐம்பது வருடமாக வீட்டில் எப்போதும் ஆள் இருந்த வீட்டுக்காரனுக்குத் திறப்பு எதற்கு? வாசலில், மச்சானுக்குப் பிடிக்காத அதே வாசலில், ஒரு மணித்தியாலம் வெயில் காய்ந்தேன். தடியை ஊன்றிக்கொண்டு, கடற்கரைப் பக்கமிருந்து அவள் மெல்ல வந்தாள்.

"கனநேரமா நிக்கிறியளோ?"

"இல்லை, இப்பதான் வந்தனான்."

"நாளைக்கும் போவன்" என்றாள். "திறப்பு ஒண்டு வெட்டி வைச்சிருங்கோ."