பேர் வைக்காத தங்கச்சி

என் தங்கைக்கு ஒன்றரை வயது வரை பெயர் கிடையாது. விளாங்குடியில் எங்கள் தெருவே அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டது. எல்லாம் அப்பாவின் பிடிவாதம். எங்கள் எம்.எல்.ஏ. வாயால்தான் தன் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவரை அப்பா அண்ணன் என்பார். கூடப் பிறந்த பெரியப்பாவைக்கூட அவ்வளவு உருக்கமாக அழைத்து நான் கேட்டதில்லை.

அண்ணன் சமயநல்லூரில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியவர். கட்சிக்குச் சுவரில் சின்னம் வரைந்து, மேடையில் மைக் பிடித்து, ஊராட்சித் தலைவராகி, பிறகு இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆனார். அவர் வரும் கல்யாணங்களில் கைக்குழந்தைகளோடு ஒரு வரிசையே நிற்கும். வாங்குவார், ஒரு பெயரைச் சொல்வார், அடுத்த பிள்ளை. அப்பா போன இடத்திலெல்லாம் கூட்டம் முந்திக்கொண்டது.

அம்மாவுக்கு வயிறு எரிந்தது. பெற்றவளுக்கு ஒரு பெயர் வைக்கக்கூட உரிமை இல்லையா என்று பாத்திரங்களிடம் கேட்பாள். அப்பா இல்லாத நேரத்தில் வேறொரு பெயர் சொல்லித் தங்கையைக் கொஞ்சுவது எனக்கு மட்டும் தெரியும்.

இதற்குள் தேர்தல் வந்து அண்ணன் தோற்றார். விட்டது சனி என்று அம்மா நிம்மதியானாள். அப்பாவோ அடுத்த மாதமே எங்களைக் கிளப்பினார்.

"தோத்த ஆளுகிட்டயா புள்ளயக் கொண்டு போறீக?" என்றாள் அம்மா.

"தோத்துட்டா அண்ணன் இல்லேன்னு ஆயிருமா? கிளம்பு."

அண்ணன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். அவரே வந்து கதவைத் திறந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் தங்கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். பெயர் சொல்லப் போகிறார் என்று பார்த்தால், அம்மா பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா கூப்பிடுற இவள?"

அம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை. "தேன்மொழி" என்றாள்.

"அப்ப தேன்மொழிதான்."

அந்த ஒரு கேள்விக்காகவே அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். தங்கை இப்போது நர்ஸ். பெயர் அழகு என்று யாராவது சொன்னால் நான் வைத்தது என்பாள் அம்மா. அண்ணன் வைத்தது என்பார் அப்பா. அதற்குப் பிறகும் அண்ணன் இரண்டு முறை நின்று தோற்றார். இரண்டு முறையும் அம்மா ஓட்டு அவருக்குத்தான், அப்பா சொல்லாமலே.

பெயர் வைத்த அன்று சாப்பிடாமல் விடமாட்டேன் என்று அண்ணனின் மனைவி கோழிக் குழம்பு வைத்தார். சாயங்காலம் அண்ணன் பஸ் ஸ்டாப் வரை எங்களோடு நடந்தே வந்தார். பஸ் வரும்வரை தங்கையை யாரிடமும் கொடுக்கவில்லை. அத்தனை பெரிய ஆள் ஒரு நாள் முழுக்க நமக்காக ஒதுக்கிவிட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஓட்டு எண்ணிய நாளுக்குப் பிறகு அந்த வீட்டுப் படியேறியவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று வெகுகாலம் கழித்து அவர் மனைவி அம்மாவிடம் சொன்னார். எட்டு வயதில் எனக்கு அது எப்படித் தெரியும்?