விரியாத சாய்தளம்

அலுமினியத்தில் சாதாரண இரும்பு போல்ட் கூடாது. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை நைலான் வாஷர் வைத்து, கிரீஸ் தடவி முடுக்க வேண்டும் என்பது விதி. பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊர்ப் படகுத்துறைக்கு அந்த விதி வந்து சேரவில்லை. உப்புக்காற்றில் இரும்பு போல்ட்டுகளைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடி பூத்து அவை இறுகிவிட, மடக்கியிருந்த அலுமினியச் சாய்தளம் விரியவில்லை. அது விரிந்தால்தான் என் மனைவியின் சக்கர நாற்காலி படகேறும். அக்கரையில் அவள் தங்கை படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

"போல்ட்ட அறுத்துப் போட்லாம் சார். இல்லாங்காட்டி அம்மாவ நாங்களே தூக்கினு போறோம்" என்றார் படகுக்காரர்.

"நான் இன்னா, ஐஸ் பெட்டியா?" என்றாள் அவள்.

அறுத்தால் அரசுச் சொத்துக்குச் சேதம் என்று விளக்கிவிட்டு, முறைப்படி மனு அனுப்பினேன். பிறகு நினைவூட்டலும் அனுப்பினேன். போல்ட்டுகளை மாற்ற ஒப்புதல் தந்த பதில், தங்கையின் கருமாதியன்று வந்தது.