பிரஸ் நின்ற நாளில் போட்ட பாட்டு

மோனிகா பாட்டு பண்ணுகிற விஷயம் கம்பெனியில் ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுக்கான சின்னச் சின்ன இரும்பு உருப்படிகள் அடிக்கிற கம்பெனி அது. அவள் பிரஸ் செக்‌ஷன். தகட்டை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால் மேலேயிருந்து இரும்பு இறங்கும். டம். எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தகடு. டம். சேர்ந்த புதிதில் வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சத்தம் தலைக்குள் அடித்துக்கொண்டே இருக்கும். பிறகு அது சத்தமாகவே தெரியாமல் போனது. அதற்கும் பிறகுதான் தாளமாகக் கேட்க ஆரம்பித்தது.

அவள் அண்ணன் அன்பு சவுண்ட் செட் வைத்திருந்தான். பொன்னேரி பக்கம் கல்யாணம், மஞ்சள் நீர், மாதா கோயில் திருவிழா எதுவென்றாலும் ஸ்பீக்கர் பாக்ஸை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அவன் வாங்கிய பழைய லேப்டாப்பில் பாட்டு பண்ணுகிற சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. அவனுக்கு அதில் பொறுமை இல்லை. மோனிகாவுக்கு இருந்தது. அவள் பண்ணுகிற பாட்டை அவன் விசேஷங்களில் போடுவான். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும்; ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்த இடத்தில் ஓர் அடி விழும். சீராக விழுகிற கனத்த அடிக்குப் பெயர் கிக். ஒரு கிக் விட்டு ஒரு கிக்கில் கைதட்டல். கிக்குக்கும் கிக்குக்கும் நடுவில் 'த்ஸ்' என்று ஒரு மெல்லிய தகட்டுச் சத்தம், அது ஹை-ஹேட். இவ்வளவையும் சேர்த்தால் ஹவுஸ் என்கிற ஆட்டப் பாட்டுக்கு அஸ்திவாரம் விழுந்துவிடும். குரலைக் குறைத்து, மெஷின்தனத்தைக் கூட்டினால் டெக்னோ பக்கம் போகும்.

இதெல்லாம் அவள் யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஹவுஸ் பிறந்தது சிகாகோவில், கறுப்பின இளைஞர்கள் ஆடிய கிளப்புகளில். டெக்னோ பிறந்தது டெட்ராய்ட்டில். அது கார் செய்கிற ஊர் என்று கேட்டதும் மோனிகா வீடியோவைப் பின்னால் தள்ளி இன்னொரு முறை கேட்டாள். அன்புவிடமும் சொன்னாள்.

"அப்ப நம்ம சிப்காட்ல எத்தினி பேரு பண்ணிக்கினு இருக்கணும்," என்றான் அவன். "ஒருத்திதான் கீற."

ஷிஃப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்காருகிற நேரம்தான் அவளுக்கென்று இருந்தது. மற்ற நேரம் எப்படிப் போகிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. போகும். சந்தோஷமும் இல்லை, பெரிய கஷ்டமும் இல்லை. காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும், மனசும் அப்படித்தான். அம்மா மேரி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்புவாள். ரொம்ப அழுத்தக்காரி என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

கம்பெனியில் காதுக்கு பிளக் கொடுப்பார்கள். முதலில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு பண்ண ஆரம்பித்த பிறகு ஒரு காதிலிருந்து எடுத்துவிட்டாள், அப்புறம் இரண்டிலிருந்தும். வரிசையாக நிற்கிற பிரஸ்கள் ஒன்றின் அடிக்கு மேல் ஒன்று விழுந்து, சில நிமிஷம் ஒன்றாகக் கூடி, மறுபடி விலகிப் போவதைக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை காது டெஸ்ட் வேன் வரும். ஹெட்போனில் சத்தம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தால் பாஸ் என்று பக்கத்து பிரஸ் கங்கம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். மோனிகா கிக் விழுகிற கணக்கில் அழுத்திவிட்டு வெளியே வந்தாள். வேன்காரர் அவசரத்தில் இருந்தார்.

ஹை-ஹேட் மட்டும் அவளுக்கு எப்போதும் போதாமல் இருந்தது. லேப்டாப் ஸ்பீக்கர் மட்டம் என்று நினைத்து ஏற்றுவாள். அடுத்த பாட்டில் இன்னும் ஏற்றுவாள். சத்தத்தை வரைந்து காட்டுகிற படத்தில், கீச்சுச் சத்தங்கள் விழுகிற வலது ஓரம் புல் மாதிரி உயர்ந்து நிற்கும். பார்ப்பாள். பாட்டைக் கண்ணாலா கேட்பது என்று விட்டுவிடுவாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சூப்பர்வைசர் துளசிராமன் அன்புவின் செட்டைப் பேசியிருந்தார். பாட்டு பண்ணுவது தங்கைதான் என்று அன்பு உளறிவிட, செய்தி செக்‌ஷன் முழுக்கப் பரவியது. மோனிகா அதற்கென்று ஒரு பாட்டு பண்ணினாள். செல்போனில் பதிந்துவந்த பிரஸ்ஸின் 'டம்'தான் அதில் கிக்.

பூஜையன்று பிரஸ்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. எல்லா மெஷினும் நின்றிருந்த அந்த ஷெட்டில் மோனிகாவுக்குக் காதுக்குள் மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. எங்கோ காற்று கசிகிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். கங்கம்மாவுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லையாம்.

அன்பு வயர் மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு தடவை கேட்டுப் பார்த்துச் சரிபண்ணிவிட்டுப் போடுகிறேன் என்றான்.

"வேணாண்ணா. இது எங்க செக்‌ஷன். நா பண்ண மாதிரியே போடு."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டான்.

முதல் 'டம்' விழுந்ததுமே பிரஸ் செக்‌ஷன் ஆட்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டு பாக்ஸ் கிட்டேயே வந்தார்கள். கங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினாள். ஹை-ஹேட் வந்தது. மோனிகாவுக்கு இதமாக இருந்தது. முதல் தடவையாக அது சரியான அளவில் கேட்கிறது என்று நினைத்தாள்.

அப்போதுதான் பின்னால் பார்த்தாள். ஆபீஸ் ஆட்கள் பொரிப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு காதையும் பொத்தியிருந்தார்கள். பேக்கிங் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். துளசிராமன் பூஜைக்குக் கூட்டிவந்திருந்த தன் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார், குழந்தை அழுதது. பாக்ஸ் முன்னால் நிற்கிறவர்களை மோனிகா ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லாரும் பிரஸ். பிரஸ்ஸைத் தவிர ஒருத்தர்கூட இல்லை. அவர்களுக்கு மட்டும் காதில் எதுவுமே குத்தவில்லை. அவர்களோடு அவளும் நின்றிருந்தாள்.

அன்பு ஆம்ப்பில் ட்ரெபிளை, அந்தக் கீச்சுச் சத்தத்தை, குறைத்தான். பின்னால் இருந்தவர்கள் கையை எடுத்தார்கள். பாக்ஸ் முன்னால் ஆட்டம் தளர்ந்தது.

"இன்னா நைனா, பாட்டு செத்துப்போச்சு?" என்றாள் கங்கம்மா.

எல்லாரும் ஸ்வீட் பாக்ஸோடு கிளம்பிய பிறகு, வயர் சுற்றிக்கொண்டிருந்த அண்ணனிடம் மோனிகா கேட்டாள்.

"எப்பலேர்ந்து என் பாட்டுல ட்ரெபிள கம்மி பண்ணிக்கினு கீற?"

"பொங்கல்லேர்ந்து. அதுக்கு முன்னாடியேகூட இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"உன் ஸ்டைலுன்னு நெனச்சேன்." வயரைச் சுற்றி முடித்துக் கட்டினான். "சொன்னா உட்டுருவன்னும் நெனச்சேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆம்ப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.

மறுபடி கம்பெனி திறந்ததும் துளசிராமனிடம் போய்ப் பேக்கிங்குக்கு மாற்றச் சொன்னாள். பிரஸ்ஸில் அவளைப் போல வேலை யாருக்கு வரும், தீபாவளி போகட்டும் பார்க்கலாம் என்றார். பிளக்கை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு போய் நின்றாள். பிரஸ் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்புறம் அடிப்பது போலக் கேட்டது. கங்கம்மாவிடமும் ஒரு ஜோடி கொடுத்தாள். கங்கம்மா அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தாள். அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"கிக்கும் கிளாப்பும் நா வெச்சிட்டேன். மேல கீற ஹை-ஹேட்டு எவ்ளோன்னு நீ சொல்லு. கையால காட்டு."

பாட்டு ஓடியது. அன்பு உள்ளங்கையைக் கீழே இறக்கினான். அவள் ஹை-ஹேட்டைக் கொஞ்சம் குறைத்தாள். கை இன்னும் இறங்கியது. குறைத்தாள். ஓர் இடத்தில் அவளுக்கு 'த்ஸ்' என்பதன் ஓரம் மட்டும் தெரிந்தது; அங்கேயே நிறுத்திவிடுவான் என்று அவன் கையைப் பார்த்தாள். நிற்கவில்லை. குறைத்தாள். கிக் மட்டும் மிஞ்சியது.

கை நின்றது.

"கேக்குதா உனக்கு?" என்றான்.

"இல்ல."

அன்பு கையை மடியில் வைத்தான். "எனக்குக் கேக்குது, மோனி," என்றான். "இப்பதான் கரெக்டா கீது."

படத்தின் வலது ஓரத்தில் புல் தரையோடு தரையாக அசைந்துகொண்டிருந்தது. மோனிகா பாட்டை சேவ் பண்ணிவிட்டு, அடுத்த பாட்டுக்குக் கிக் வைக்க ஆரம்பித்தாள்.