மூலை நசுங்கிய ஸ்பீக்கர்

என் வீட்டுப் புத்தக அலமாரியில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பிஸ்கட் டின் உயரம்தான் இருக்கும். வலது பக்கத்துப் பெட்டி இன்றைக்கும் புதுசு போல இருக்கிறது. இடது பக்கத்துப் பெட்டியின் கீழ்மூலை நசுங்கி, மேலே ஒட்டியிருந்த மெல்லிய மரத்தகடு பிளந்து, உள்ளே இருக்கும் மரத்தூள் பலகை தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். வீடு மாறும்போது விழுந்துவிட்டது என்பேன். அது பொய். அந்தப் பெட்டி விழுந்தது கிள்ளானில் ஒரு டாக்டரம்மா வீட்டு ஹாலில், ஒரு சனிக்கிழமை மதியத்தில். விழவைத்தது நான்தான்.

எண்பதுகளின் நடுவில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஆடியோ கடையில் வேலை பார்த்தேன். பில் அடிக்கத்தான் சேர்ந்தேன். வேன் ஓட்டும் லைசென்ஸ் இருந்ததால், கொஞ்ச நாளில் சூப்பர்வைசரோடு வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போகும் வேலையும் என் தலையில் விழுந்தது. கடை ஒரு சீனருடையது. அவரைத் தவுக்கே என்போம். சாமான் வாங்குவது விற்பதெல்லாம் தவுக்கே. எது நன்றாகப் பாடும் என்று சொல்வது மட்டும் சூப்பர்வைசர். ஐம்பது வயதைத் தாண்டியவர், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பென்சில். அவரிடமும் லைசென்ஸ் இருந்தது. ஆனாலும் வண்டியைத் தொடமாட்டார். என் இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசிக்கொண்டு வருவார். பெரிய மனுஷர், டிரைவர் வைத்துக்கொள்கிறார் என்று நான் மனதுக்குள் கிண்டல் செய்துகொள்வேன்.

கடையில் வைத்து ஸ்பீக்கர் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "பொண்ணு பாக்க வர்றப்ப எல்லாப் பொண்ணும் அடக்கமாத்தான் இருக்கும் தங்கச்சி. வீட்டுக்குக் கொண்டு போனாத்தான் குணம் தெரியும்லா" என்பார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அதனால் இந்த வசனம் வாரம் இரண்டு முறையாவது வரும். வீட்டில் பெட்டிகளை அலமாரியில் வைப்பார், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பார்ப்பார், இரண்டு சாண் தள்ளிப் பார்ப்பார். தம்புரா மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு பெண் பாடும் இசைத்தட்டு ஒன்று வைத்திருந்தார். அது குரலுக்கு. மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்று, அதன் இடது முகமான தொப்பியில் விழும் கனத்த அடிக்கு. தட்டு சுழலும்போது அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவே மாட்டார். கேட்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் தவுக்கேயின் அண்ணன் மகன் வெளிநாட்டில் படிப்பை முடித்துவிட்டு, கையில் ஒலி அளக்கும் மீட்டர் ஒன்றோடு கடைக்கு வந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் பொறுமை இல்லாதவன். காதால் கேட்டுச் சொல்வதெல்லாம் ஜோசியம் என்பது அவன் கட்சி. புதிதாக எந்தச் சின்ன ஸ்பீக்கரை வரவழைப்பது என்பதில் சண்டை வந்தது. சூப்பர்வைசர் ஒரு இங்கிலீஷ் ஜோடியைச் சொன்னார். அவன் ஜப்பான் ஜோடியைச் சொன்னான். தவுக்கே இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். துணிக்குப் பின்னால் இரண்டையும் வைக்க வேண்டும். பார்க்காமல், சூப்பர்வைசர் தன் ஜோடியை அடையாளம் சொல்லிவிட்டால் அதையே வரவழைப்பது, அவர் நாற்காலி அவருக்கே. சொல்ல முடியாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அந்த நாற்காலியில் அண்ணன் மகன். இதைத் தவுக்கே சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சூப்பர்வைசரும் சிரித்துக்கொண்டே, "போலே, போலே" என்று மலாயில் சம்மதம் சொன்னார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, ஏற்கெனவே கூராக இருந்ததை மறுபடியும் சீவ ஆரம்பித்தார்.

பரீட்சைக்குத் தன் வீட்டைக் கொடுத்தவர் எங்கள் பழைய வாடிக்கையாளரான கிள்ளான் டாக்டரம்மா. ஜெயிக்கிற ஜோடியைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். ஹாலின் ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. அதற்கு முன்னால் கயிறு கட்டி ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். எந்த ஜோடி ஏ, எந்த ஜோடி பி என்று சீட்டுப் போட்டுப் பார்த்தது தவுக்கே. பின்னால் போய் ஒயர் மாட்டியது நான். சூப்பர்வைசரின் ஜோடி ஏயில் வந்திருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று என்று இரண்டு முனை. எங்களிடம் இருந்த ஒயரில் இரண்டு இழையும் ஒரே சாம்பல் நிறம், ஒரு இழையில் மட்டும் நூல் மாதிரி ஒரு கோடு ஓடும். விரிப்புக்குப் பின்னால் வெளிச்சம் குறைவு. கோட்டைக் கண்ணால் பார்த்தே மாட்டினேன்.

வெளியே வந்ததும் சூப்பர்வைசர் தனக்கு வலப்பக்கத்தில் ஒரு நாற்காலியைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். தவுக்கேயும் டாக்டரம்மாவும் ஓரமாக ஜன்னல் பக்கம். ஆம்பிளிஃபயரின் பொத்தானை அமுக்க, சுவரோரமாக அண்ணன் மகன். முதலில் பி. பெண் குரல் விரிப்பின் நடுவிலிருந்து வந்தது, ஒழுங்காக, ஆனால் கொஞ்சம் தகர வாசனையோடு. பிறகு ஏ.

குரல் நடுவில் இல்லை. எங்கேயுமே இல்லை. அறை முழுக்கச் சிதறி, என் தலைக்குப் பின்னால் ஒரு துண்டு, ஜன்னலோரம் ஒரு துண்டு என்று அலைந்தது. மிருதங்கத் தொப்பியின் கனம் ஆவியாகிப் போயிருந்தது. ஒரு பெட்டியில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டிவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு, இரண்டு காது இருந்தால், பத்து விநாடியில் தலை சுற்றுவது போல இருக்கும். நான் மாற்றி மாட்டியிருந்தேன், அதுவும் அவருடைய ஜோடியில். அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். ஒயரைச் சரிபார் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. திட்டு வாங்கத் தயாராகத் திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தூக்கவில்லை. லேசாகத் தலையைச் சாய்த்து வலது காதை முன்னே கொடுத்திருந்தார்.

எல்லாம் அந்த ஒரு நொடியில்தான் எனக்கு விளங்கியது. போனை எப்போதும் வலது காதில் வைப்பது. எங்கே போனாலும் என்னை வலப்பக்கம் உட்காரவைப்பது. நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம், பக்கத்தில் இருப்பவர் இடப்பக்கம். அதனால்தான் வண்டி ஓட்டாமல் என் இடப்பக்கம் உட்கார்ந்து வந்தார், நான் பேசுவது அவருடைய வலது காதில் விழ. அவருக்கு இடது காது கேட்காது. குரல் நடுவில் நிற்கிறதா சிதறுகிறதா என்பதை இத்தனை வருஷமும் அவர் எங்கள் முகத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் பி, மறுபடியும் ஏ. அவருக்குக் கேட்டது மெலிந்துபோன அடி மட்டும்தான். அவர் பென்சிலை எடுத்தார். மடியில் இருந்த தாளில் 'பி' என்று எழுதுவதைப் பார்த்தேன். எழுதிவிட்டு அதன்மேல் பென்சிலை வைத்தபடி யோசித்தார். ஒயர் மாறிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி அவரைப் பார்த்துத்தான் வரும்: இவளுக்குக் கேட்டது உங்களுக்கு ஏன் கேட்கவில்லை? அண்ணன் மகன் அந்தக் கேள்வியை விடமாட்டான். சொல்லாவிட்டால் 'பி'. இரண்டு பக்கமும் அவர் தலை போகிறது, என் கையால்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்தேன். தரையில் ஓடிய ஏ ஜோடியின் ஒயருக்கு அடியில் கால் நுனியைக் கொடுத்து, தடுக்கியவள் போல முழு பலத்தோடு முன்னே விழுந்தேன்.

விரிப்புக்குப் பின்னால் ஒரு பெட்டி மொசைக் தரையில் விழுந்த சத்தம் எல்லாக் காதுக்கும் கேட்டது. தவுக்கே தலையில் கை வைத்தார். அண்ணன் மகன், "கண்ணு எங்க வச்சே?" என்று ஆங்கிலத்தில் கத்தினான். டாக்டரம்மா மட்டும் யாழ்ப்பாணத்துத் தமிழில், "பிள்ளை, காலில அடி பட்டதோ?" என்று கேட்டார். நானே பார்க்கிறேன் என்று விரிப்புக்குள் புகுந்தேன். மூலை நசுங்கியிருந்தது, உள்ளே எதுவும் ஆகவில்லை. இந்த முறை ஒயரின் கோட்டை விரலால் தடவிப் பார்த்து மாட்டினேன். தவுக்கே முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். ஏ பாடியது. குரல் வந்து நடுவில் நின்றது. தொப்பியின் அடி கனமாக வந்து விழுந்தது. சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தார், மடியில் இருந்த தாளைக் கிழித்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டார், சத்தமாக "ஏ" என்றார். தவுக்கே விரிப்பை விலக்கிக் காட்டினார். அண்ணன் மகன் கையை நீட்டினான். சூப்பர்வைசர் பிடித்துக் குலுக்கினார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

வேனுக்கு வந்ததும் சாவியைக் கேட்டார். "நான் ஓட்டறேன்." எனக்குப் பயமாக இருந்தது. பெடரல் ஹைவேயில் ஏறினோம். நான் அவருடைய இடப்பக்கத்தில் இருந்தேன்.

"இப்ப நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது. அது உனக்குத் தெரிஞ்சிருச்சு. அதனால நீ சும்மா இரு, நான் பேசறேன்" என்றார். "என் பொட்டி பாடுது, உன் மூஞ்சி மாறிப்போச்சு. சரி, தங்கச்சிக்கு அடையாளம் தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். எனக்குத் தெரியலை. ஒரு வாரம் கடையில வச்சுக் கேட்ட பொட்டி, என்னோடதான்னு எனக்கே தெரியலை. வேறத எழுதிட்டேன். நீ பாத்துட்டுத்தான் ஒயர இழுத்தே. ரெண்டாவது தடவ சரியாத்தான் கேட்டுச்சு. ஆனா மொதத் தடவ கேக்கலையே. நல்ல காதும் போக ஆரம்பிச்சிருச்சு போல. ஒரு பொண்ணு எனக்காக விழுந்து எந்திரிக்கணும்னா, அந்த வேலை எனக்கு எதுக்கு?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணே, தப்பு என்னோடது. நான்தான் ஒயர மாத்தி மாட்டிட்டேன். உங்க காதுல ஒண்ணும் இல்லண்ணே." இரண்டு முறை சொன்னேன், அழுதுகொண்டு சொன்னேன். அவர் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். கடையின் பின்சந்தில் வண்டியை நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போ" என்றார். அப்போது அவர் எனக்கு எதிரே நின்றார். முகம் பார்த்துப் பேசலாம். என் தொண்டை அடைத்துக்கொண்டது என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். தொண்டையெல்லாம் அடைக்கவில்லை. இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் அவரே தவுக்கேயிடம் போய், காது சரியில்லை, இனி இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜெயித்த மனுஷர் ஏன் போகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. அவருக்குப் பிறகு யார் என்று தவுக்கே கேட்டதற்கு என்னைக் கைகாட்டியிருக்கிறார். டாக்டரம்மாவுக்குப் புது ஜோடி போயிற்று. நசுங்கிய ஜோடியை விற்க முடியாதென்று தவுக்கே சூப்பர்வைசருக்கே கொடுத்துவிட்டார். அவர் அதைக் கடைசி நாளன்று என் மேசைமேல் வைத்து, "காது உள்ளவங்க வீட்டுல இருக்கட்டும்லா" என்றார். நான் நன்றி என்றேன். அந்த நாற்காலியில் நான் பதினோரு வருஷம் உட்கார்ந்தேன்.

ஒருமுறை, டெங்கிலில் மகள் வீட்டில் இருந்த அவரைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவருக்கு வலப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். இளைத்திருந்தார், ஆனால் பழைய கிண்டல் போகவில்லை. என் புருஷனை வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்துத்தான் எடுத்தாயா என்றார். காபி வந்தது. பிறகு அவராகவே ஆரம்பித்தார். "ஒண்ணு மட்டும் இன்னும் வெளங்கல தங்கச்சி. மொதத் தடவ அந்தப் பொட்டி ஏன் அப்படி மெலிசாக் கேட்டுச்சு?" நான் தேடி வந்த வாய்ப்பு கையில் வந்து விழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், ஏழெட்டு வருஷமாக இதை யோசித்துக்கொண்டிருந்த முகம். இப்போது சொன்னால், வேலையை வீணாக விட்டோம் என்று மீதி நாளெல்லாம் நினைப்பாரே என்று தோன்றியது. என்னை என்ன நினைப்பார் என்றும் தோன்றியது.

"மழைக் காத்துண்ணே" என்றேன். "ஈரத்துல சத்தம் அமுங்கிப்போச்சு." அவர் தலையாட்டினார். இந்த முறை நான் சொன்னது அவருக்கு நன்றாகவே கேட்டது.

அவர் போய் ரொம்ப நாளாகிறது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான், ஒயரே இல்லாத ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளங்கை அளவுதான், நன்றாகத்தான் பாடியது. போகும்போது அலமாரியைப் பார்த்து, "ஆன்டி, இந்த மூலை என்னாச்சு?" என்று கேட்டான். வீடு மாறும்போது விழுந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, "ஒயர மாத்தி மாட்டிட்டேன்பா" என்றேன். ஒயருக்கும் மூலைக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. சரி ஆன்டி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.