விறகுத்தொட்டித் தராசில் என் மகள்

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். அந்த ஐப்பசி மழையில், திருத்தணி மலைக்காட்டிலிருந்து ஒரு மரத்தேரை எப்படியோ எங்கள் வீட்டு உத்தரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அங்கிருந்து ஒரே தாவு. என் நான்கு வயது மகளின் உச்சந்தலையில் சப்பென்று உட்கார்ந்தது. பிய்த்து எடுக்கப் போனால், விரல் நுனிகளால் அவள் முடியைப் பற்றிக்கொண்டு வர மறுத்தது. அவளோ கூச்சம் தாங்காமல் சிரித்தாள்.

பக்கத்து வீட்டம்மாள் வாசலிலிருந்தே கத்தினார். "ஐயையோ, கொழந்தை மேல தேரை வுழுந்துட்ச்சா? இனிமே தேஞ்சிகினே போவுமே வாத்தியாரே!"

நான் படித்தவன். தேரை பூச்சி தின்னும் சாதுப் பிராணி என்று பாடம் நடத்துபவன். ஆகவே அந்த அம்மாள் சொன்னது பொய்யென்று காட்டுவதற்காக, மறுநாள் விடிந்ததுமே மகளை விறகுத்தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடித் தராசுத் தட்டில் உட்கார வைத்தேன்.

"பத்து வீசை" என்றார் தொட்டிக்காரர். இன்றைய கணக்கில் பதினான்கு கிலோ.

தினமும் போனோம். பத்தேகால், பத்தரை, பதினொன்று. மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். வெறகு எங்கங்க?" என்றாள்.

ஏழாம் நாள் தொட்டிக்காரர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி எடை போட்டார். "ஒம்பதரை."

சவுக்குக் கட்டைகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே நாளில் ஒன்றரை வீசை! மகள் தட்டில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த தொட்டிக்காரர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "கோச்சிக்காத வாத்தியாரே. நாந்தான் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிச் சொல்லிகினு இருந்தேன். உம்மூஞ்சியப் பாக்க முடியல."

"மொத நாளுமா?"

"ஆங். அன்னிக்குத்தான் உம்மூஞ்சி ரொம்ப மோசம்."

"அப்போ உண்மையில எவ்வளவு இருந்தா?"

"யாரு பாத்தாங்க? தேரை வுழுந்தது உம்மேலதான் போல. எலும்பும் தோலுமா கீற!"

மலைமேல் இருக்கும் முருகன்மீது அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அந்த ஒன்பதரையையே முதல் நாளாக வைத்து மறுபடியும் தொடங்கினோம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் "பத்து" என்றார். நம்பாமல் அவர் மனைவியைக் கூப்பிட்டேன்.

"பத்தேதான். கொழந்தைய எறக்கு வாத்தியாரே, வெறகுக்கு ஆளுங்க நிக்கறாங்க!"

இறக்கினேன். கனமாகத்தான் இருந்தாள்.