எக்ஸ்ரே அறையில் சொன்ன பொய்

பல் எக்ஸ்ரே வலிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய தபால்தலை அளவில் ஒரு ஃபிலிமை வாய்க்குள் வைத்து, நம் விரலாலேயே அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். கொஞ்சம் குமட்டும். மெஷினின் முனையைக் கன்னத்தருகே கொண்டுவந்து, அசையாதீங்க என்பார்கள். ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். என்னைப் படுத்தியது அதற்கு முன்னால் கேட்ட கேள்வி.

தொண்ணூறுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் பல் டாக்டரிடம், ஷிப்ட் முடிந்து பீங்கான் கம்பெனி உடுப்போடு வந்தவர்களுக்கு நடுவே நானும் மாமியும் (கணவரின் தாயார்) காத்திருந்தோம். மூன்று நாளாக என் கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப்பல்லின் வேரடியில் சீழ்க்கட்டி (சீழ் கோத்த வீக்கம்) இருக்கலாம், படம் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா.

படம் எடுப்பவர் என் முகத்தைப் பார்க்காமல் ஃபிலிமைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தலைக்குக் குளிச்சு எத்தன நாளுங்க ஆச்சு?"

மாதவிலக்கைத்தான் நாசூக்காகக் கேட்கிறார் என்று புரிந்தது. தள்ளிப்போய்ப் பத்து நாளாகியிருந்தது. கதவருகே மாமி நின்றார்கள்.

"நேத்துதாங்க," என்றேன். நேற்று சீயக்காய் போட்டுக் குளித்தது உண்மைதான். புரியாமல் சொல்லவில்லை, புரிந்தேதான் சொன்னேன்.

முந்தின வருடம் நான் உண்டானதும் மாமி சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் மாதம் கலைந்தது. அதே தெரு வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது. இந்த முறை நான்கு மாதம் தாண்டாமல் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருந்தேன். லீவு முடிந்து துபாய் திரும்பிய கணவருக்குக்கூட எழுதவில்லை.

ஃபிலிமைக் கழுவி, ஈரத்தோடு கிளிப்பில் தொங்கவிட்டார்கள். அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த ஈய அங்கி (கதிர் உடம்பில் படாமல் தடுக்கும் கனத்த மேலுடை) கண்ணில் பட்டது. கர்ப்பிணி என்றால் போட்டுவிடுவார்களாம். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம்.

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் டாக்டரம்மாவிடம், மாமி பக்கத்தில் இருக்கும்போதே, சொல்லி அழுதுவிட்டேன்.

"அது தாடையோட நிக்கிற கதிரு. வயித்துக்குப் போறது ஒண்ணுமில்லன்னே வெச்சுக்குங்க," என்றார். முதல் நாள் எழுதிக்கொடுத்த மாத்திரைச் சீட்டையும் வாங்கிப் பார்த்து, ஒன்றும் செய்யாது என்றார். "ஆனா அடுத்த தடவ யாராவது கேட்டா வாயத் தொறந்து சொல்லுங்கம்மா."

வெளியே வந்ததும் மாமி மெதுவாகச் சொன்னார்கள். "எனக்குத் தெரியும்மா."

"எப்படி மாமி?"

"மாசா மாசம் அந்த ஏழு நாளு தொழாம இருப்பியே. இந்தத் தடவ ஒரு மாசம் தாண்டியும் ஒரு வேளத் தொழுகையும் விடல. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்ப அங்க ஏன் சும்மா நின்னீங்க?"

"நான் வாய வெச்சா இதுவும் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

டாக்டர் சொன்னதை நம்பினோம். ஆனாலும் பயம் போகவில்லை. விடியற்காலைத் தொழுகைக்கு நான் ஒளு செய்யும் (கை கால் முகம் கழுவும்) தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் மாமி பாயை விட்டு எழுவார்கள். உதிரம் பட்டால் தொழ மாட்டேன். தொழுகிறேன் என்றால் பிள்ளை இருக்கிறது. நாள், வாரம் எல்லாம் மறந்துபோய், ஒரு வேளைத் தொழுகையிலிருந்து அடுத்த வேளை வரைதான் எனக்குக் காலம் என்றிருந்தது.

மகள் பிறந்தாள். பிரசவமானால் நாற்பது நாள் தொழுகை கிடையாது. மறுநாள் விடியலில் பள்ளிவாசல் பாங்கு கேட்டதும், பழக்கத்தில் எழப்போனேன். பக்கத்தில் படுத்திருந்த மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இனிமே தூங்கும்மா," என்றார்கள்.